காயத்தோடு ஆறிவிடும் பயம்

நாளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வந்து படுத்திருப்பவர்களுக்கு யாரும் எதுவும் எழுதத் தேவையில்லை. அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்பார்கள். சீனியை விடு என்றால் விடுவார்கள். நட என்றால் சேலைன் குழாயோடு எழுந்து நடப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் சங்கடமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கியது.

எனக்கு இருபத்தெட்டு வயது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா இல்லை. தம்பி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைதல் படித்துவிட்டு, ஹட்டனில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் கணினியில் காணி வரைபடங்கள் போடுகிறேன். மலைகளின் உயரக் கோடுகளை நாள் முழுக்க உட்கார்ந்தபடி வரைவதுதான் வேலை. எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் புரியும். ஆனால் இந்த நோயை வரிசைப்படுத்த முயன்றபோதெல்லாம் ஏதோ ஒன்று வரிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

தொடக்கம் ஓர் அட்டைக்கடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட இடைவெளியில், அம்மாவோடு விறகு பொறுக்கப் போயிருந்தேன். இடது கால் விரல்களுக்கு நடுவே அட்டை ஏறியிருந்தது. தோட்டத்தில் அட்டைக்கடியை யாரும் காயமாக எண்ணுவதில்லை. அம்மா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தாராளமாக அப்பினார். அட்டை விழுந்தது. இரத்தம் நிற்கக் கொஞ்ச நேரமானது. நின்றதும் இருவரும் மறந்துவிட்டோம். அந்தச் சுண்ணாம்பு தோலைச் சுட்டிருந்தது. சுட்டது எனக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் முன்பே இருந்தது. ஓரிரு வருடங்களாகவே பாதங்கள் பஞ்சில் மிதிப்பதுபோல் இருந்தன. மலைக்குளிரில் கால் விறைப்பது யாருக்குத்தான் இல்லை என்று இருந்துவிட்டேன். தாகம் அதிகமாக இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து சூடு பிடித்துவிட்டது என்றார் அம்மா. உடம்பு பருத்தது, வேலை கிடைத்த பிறகு வந்த செழிப்பு என்றார்கள் பக்கத்து வீட்டார். ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு நல்ல காரணம் இருந்தது.

திங்கட்கிழமை காலுறையும் மூடிய சப்பாத்தும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வாரக் கடைசியில் அலுவலகத்தில் ஒரு நாற்றம் வந்தது. என் மேசைப் பக்கம்தான் அதிகம். எலி செத்திருக்கும் என்று எல்லோரும் தேடினோம். நானும் குனிந்து அலுமாரிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், கணினி வயர்களுக்கு நடுவில் தேடினேன். எங்கே போனாலும் நாற்றம் என்னோடு வந்தது. கூட வேலை செய்யும் பெண் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கதவை மூடிவிட்டு, "சப்பாத்தக் கழட்டுங்க" என்றாள்.

அந்த எலியை நானும் சேர்ந்து தேடினேன் என்பதை இன்றைக்கும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மருத்துவமனையில் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கருவியில் வந்த எண்ணைப் பார்த்த தாதி, எங்கள் வழக்கில் மிஸ்ஸி, கருவி பழுது என்று நினைத்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அதையே காட்டியது. நீரிழிவு, அதாவது எங்கள் பக்கத்தில் சீனி வியாதி என்பது, எனக்குச் சில வருடங்களாகவே இருந்திருக்கிறது என்றார் டொக்டர். அவர் என்னைவிட ஓரிரு வயதே மூத்தவராக இருப்பார். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார்.

பிறகு ஒரு சோதனை. கையில் பிரஷ் போல ஒன்று. அதன் நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரே ஓர் இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இந்த இழை பாதத்தில் படும்போது 'ஆம்' என்று சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். நோயாளர் வாட்டின் சத்தங்கள் கேட்டன. யாரோ இருமினார்கள். ஒரு தள்ளுவண்டி போனது. இன்னும் ஏன் தொடங்கவில்லை என்று யோசித்தேன்.

"கண்ணத் திறங்க," என்றார் டொக்டர். "முடிஞ்சது."

நான் ஒரு தடவைகூட 'ஆம்' சொல்லியிருக்கவில்லை.

அதன் பொருளை அவர் எளிமையாகச் சொன்னார். இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் முதலில் கெடும். அதனால் பாதத்தில் தொடங்கும். இரத்தம் கீழே சரியாகப் போகாது, காயம் ஆறாது. வலி என்பது உடம்பு நமக்கு அனுப்பும் செய்தி. உங்களுக்கு இனிமேல் அந்தச் செய்தி வராது, நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்றார்.

செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அதற்கு மரப்பு ஊசி அதிகம் தேவைப்படவில்லை. முடிந்த அளவு காப்பாற்றினார்கள். ஒரு விரல் போனது. நான்காம் விரல். எலும்பு வரை அழுகல் போயிருந்தது. மீதிப் பாதம் தப்பியது. அடுத்த முறை இப்படி வந்தால் விரலோடு நிற்காது என்பதை டொக்டர் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். சீனியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், காயம் மூடிய பிறகு தினமும் நடக்க வேண்டும், பாதங்களை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். நான் எழுதிக்கொண்டேன். எல்லாம் செய்யக்கூடியவையாகத்தான் இருந்தன.

என் பக்கத்துக் கட்டிலில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த செல்லம்மா அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கொழுந்து பறித்தவர். அவருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கட்டில்கள் அவ்வளவு நெருக்கம். படுத்தபடியே ஒருவரையொருவர் தொடலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் நன்றாக விழித்த முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரு ஒதவி பண்றியா?"

"சொல்லுங்கக்கா."

"உள்ளங்கால் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு."

நான் அவருடைய வலது பாதத்துக்குக் கை நீட்டினேன்.

"அது இல்ல. மத்தது."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கண்ணால் காட்டினார். நான் தயங்கினேன். பிறகு அந்த இடத்தில் விரிப்பை நகத்தால் சொறிந்தேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றார். கீழே போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், முகம் இளகியது. வெட்டிய நரம்புகள் மூளைக்குப் பழைய செய்தியையே அனுப்பிக்கொண்டிருக்கும், அதனால் இல்லாத கால் இருப்பதுபோலத் தோன்றும் என்று பிறகு டொக்டர் விளக்கினார். விளக்கம் சரிதான். ஆனால் இருக்கிற என் கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. இல்லாத அவருடைய கால் அவரைத் தூங்க விடவில்லை. அதற்குப் பிறகு தினமும் சொறிந்து விட்டேன்.

அம்மா வேலை முடிந்து, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி நோயாளர் பார்க்கும் நேரம் முடிவதற்குள் ஓடி வருவார். சில நாட்களில் வாசலில் காவலாளியோடு சிங்களத்தில் மன்றாடும் குரல் மேலே கேட்கும். தம்பி அனுப்பிய காசில் வெளியே ஒரு ஆய்வுகூடத்தில் சில இரத்தச் சோதனைகள் செய்தோம். மருத்துவமனையில் கட்டணம் இல்லை என்றாலும் முச்சக்கர வண்டிக்கும் கட்டுத் துணிக்கும் போய்க்கொண்டே இருந்தது. அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று என் பாதத்தை மூடியிருந்த துணியைப் பார்ப்பார். சுண்ணாம்பு தடவியது அவர் கைதான். அதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை.

ஒரு நாள் உணவு பற்றிக் கேட்க ஒரு மிஸ்ஸி வந்தார். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து, "சீனி போடுறதே இல்லைங்க மிஸ்ஸி" என்றார். அது உண்மை. எங்கள் வீட்டில் தேநீர் வெறும் சாயம்தான். சீனியை உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்போம். மிஸ்ஸி 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கையில எவ்வளவுன்னு கேளுங்க மிஸ்ஸி."

வாட்டே சிரித்தது. அம்மாவுக்கு மட்டும் கோபம். அது தேத்தண்ணிக்குப் போடுவது இல்லையே என்று என் காதில் சொன்னார். அன்றைக்குத்தான் ஒரு நாளைக்கு எத்தனை உள்ளங்கைச் சீனி தின்கிறேன் என்று கூட்டிப் பார்த்தேன்.

செல்லம்மா அக்காவின் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அவர் இப்படிப் படுப்பது மூன்றாம் முறை. முதலில் ஒரு விரல். அடுத்து பாதிப் பாதம். இப்போது இது. முதல் முறை விரல் எடுத்தபோது சாமி மேல் சத்தியம் செய்து திருந்தினாராம். கேழ்வரகுக் கஞ்சி, பாவற்காய், கிளினிக், எல்லாம். இரண்டாம் முறையும் அப்படியே.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் ஆறிருச்சு."

"புண்ணா?"

"புண்ணும்தான். இந்தப் பயம் இருக்கே தங்கச்சி, அது புண்ணோட சேந்தே ஆறிரும். நீ பாத்துக்கிட்டே இருப்ப. ஒனக்கே தெரியாது."

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டேன். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க கெடக்கேன்?"

ஓரிரு நாளில் அவருக்குக் காய்ச்சல் ஏறியது. கண்டி மருத்துவமனைக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள். பகலில்தான் கொண்டுபோனார்கள். சிற்றூழியர் அவருடைய சாமான்களைப் பையில் அடுக்கினார்: போத்தல், சீப்பு, சேலை. கட்டிலுக்கு அடியில் ஒரு சோடி ரப்பர் செருப்பு இருந்தது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டையும் பையில் போட்டார். மாலைக்குள் அந்தக் கட்டிலில் வேறொரு பெண் வந்துவிட்டார். அக்கா கண்டியிலேயே இறந்துபோனார் என்பதை, நான் முதல் முறை கிளினிக்குக்குப் போனபோது வாட்டு மிஸ்ஸி சொல்லித்தான் அறிந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். பயம் நிறைய இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் போலிருந்தது. சீனி டப்பாவைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். கோதுமை ரொட்டியைப் பாதியாக்கினேன். காயம் மூடும் வரை நடக்கக் கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளையும் வலது காலையும் தூக்கி இறக்கினேன். மாலையில் அம்மா டோர்ச் பிடிக்க, கண்ணாடித் துண்டை வைத்துப் பாதத்தின் அடியைப் பார்ப்பேன். இரவு படுக்கும்போது செல்லம்மா அக்கா சொன்னதை நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்படி நடக்காது என்று இருந்தது. எனக்குத்தான் முன்கூட்டியே தெரிந்துவிட்டதே.

காயம் மூடியது. மெல்ல நடக்கலாம் என்றார் டொக்டர். தம்பி உள்ளே மெத்தை வைத்த சப்பாத்து ஒன்றும், நடையை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றும் அனுப்பினான். நடக்க அனுமதி வந்த அதே நேரத்தில், நடக்க வைக்க வேண்டிய பயம் போகத் தொடங்கியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

தோட்டத்துப் பாதையில் காரணமில்லாமல் யாரும் நடப்பதில்லை. கொழுந்துக்கூடை, விறகுக்கட்டு, தண்ணீர்க்குடம், பள்ளிக்கூடப் பை, ஏதாவது ஒன்று இருக்கும். வெறுங்கையோடு போகிறவளை எல்லோரும் கேட்பார்கள்: எங்க போறீங்க? சும்மா நடக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விறகுக்கட்டோடு ஏறி வந்த ஒரு பெண், "சும்மா நடக்கணும்னா இதத் தூக்கிட்டு நட, எனக்காவது ஆகும்" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மறுநாள் கையில் கைபேசியோடு போனேன். யாரோ ஒருவனைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவின் காதுக்கு வந்தது. அதன் பிறகு மழை. அதன் பிறகு அலுவலகத்தில் அவசர வேலை. ஒரு கல்யாணம். தலைவலி வந்த ஒரு மாலையில் உள்ளங்கையில் கொஞ்சமே கொஞ்சம் சீனி.

பயம் போன நாளை என்னால் சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் மேசையில் உட்கார்ந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கை கணினிச் சுட்டியில் இருந்தது. இடது கை மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டு தானாக ஆடியது. கடிகாரம் நடையாக எண்ணட்டும் என்று நான் உட்கார்ந்தபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை நாளாக அப்படிச் செய்கிறேன் என்று நினைவில்லை. கடிகாரம் என்னைப் பாராட்டி ஒரு வாண வேடிக்கைப் படம் காட்டியது.

அப்போதும் நான் நிறுத்தவில்லை. அப்படியே கிளினிக்குக்குப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சீனி என்று ஒரு இரத்தச் சோதனை உண்டு. முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. கடந்த மாதங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று அது சொல்லிவிடும். ஏறியிருந்தது. டொக்டர் திட்டவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே ஒரு மாலை, அலுவலகம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். அம்மா அதை ஓரமாக வைக்கத் தூக்கியவர் அப்படியே நின்றார். இடது சப்பாத்தின் அடியில் ஒரு வெள்ளித் தலை மின்னியது. சுவரில் வரைபடங்களைக் குத்தி வைக்கும் நீளமான ஆணி. எங்கள் அலுவலகத்துத் தரையில் எப்போதும் விழுந்து கிடப்பது. அம்மா உள்ளே கையை விட்டுப் பார்த்தார். முனை மெத்தையைத் தாண்டி வந்திருந்தது. என்னை உட்கார வைத்துக் காலுறையை உருவினார். குதிக்கால் பக்கம் இரத்தம் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது.

"வலிக்கலயா?"

"இல்ல."

"எப்ப குத்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் நின்று வந்திருக்கிறேன். கடைத்தெருவில் நடந்திருக்கிறேன். பாதத்தைக் கண்ணாடியில் பார்ப்பதை எப்போது விட்டேன் என்பதும் தெரியவில்லை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்; பிடித்திருப்பதைப் பார்க்கத்தான் முடிந்தது.

உடனே மருத்துவமனைக்குப் போனோம். இம்முறை எலும்பைத் தொடவில்லை. மருந்து, கட்டு, சில வாரம் கால் ஊன்றாமல் இருக்க வேண்டும். அதே வாட்டின் வெளிப் பகுதியில் கட்டுப் போடக் காத்திருந்தபோது பயம் திரும்ப வந்துவிட்டது, முன்பைப் போலவே பலமாக. உள்ளே பார்த்தேன். அக்கா படுத்திருந்த கட்டிலில் ஒருவர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். போர்வைக்குக் கீழே எத்தனை கால் என்று என்னையறியாமல் பார்த்தேன். செல்லம்மா அக்காவுக்கும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் வந்திருக்கும். இதுவும் போய்விடும். இது இருக்கிற இந்தச் சில வாரத்துக்குள், இது இல்லாமலும் ஓடக்கூடிய ஏதாவது ஒன்றை ஏற்பாடு செய்தாக வேண்டும். நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். அது என்ன ஏற்பாடு என்று தெரியவில்லை.

கால் ஊன்றாமல் வீட்டில் கிடந்த அந்த வாரங்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு வலி, இருமல், அடை மழை, எதுவானாலும் எழுந்து, ரொட்டி சுட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். விருப்பத்தோடு போனதாக ஒரு நாளும் தெரியவில்லை. ஒரு காலை எப்படி முடிகிறது என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோலப் பார்த்தார்.

"பெரட்டுல பேர் கூப்புடுவாங்கல்ல."

வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடி நிற்பதுதான் பெரட்டு. கங்காணி பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். ஒரு நாள் கூலிக்கே எங்களிடம் 'பேர்' என்றுதான் வழக்கு; அது பதிவானால் 'பேர் விழுந்தது' என்போம். பிந்திப் போனால் அரைப் பேர். போகாவிட்டால் பேர் இல்லை, போகவில்லை என்பது லயம் முழுக்கத் தெரியும். அங்கே மனம் வருகிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. நான் இத்தனை நாளும் தினமும் என் மனத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி பாக்கியம் அத்தை இருக்கிறார். பெண்கள் கொழுந்து பறிக்கும் மலைக்குக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் சீனி வியாதி. மருந்தை மட்டும் விழுங்குவார், டொக்டர் சொல்லும் வேறெதையும் கேட்க மாட்டார். தடியை ஊன்றிக்கொண்டு அவரிடம் போய், கால் குணமான பிறகு தினமும் விடியும்போது பீலியடியில் நின்று என் பெயரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். பீலியடி என்பது லயத்துக்குத் தண்ணீர் வந்து விழும் இடம்; அங்கே கூப்பிட்டால் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

"நடக்கறதுக்குப் பெரட்டா?" என்றார். "சம்பளம் யாரு குடுப்பா?"

"சம்பளம் இல்ல அத்த. பேர் மட்டுந்தான்."

"அப்ப நம்ம தோட்டம் மாதிரித்தான்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். கூப்பிடுவது மட்டும்தான் தன் வேலை, தான் நடக்க மாட்டேன் என்றார். சரி என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது, அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஒன்னய எதுக்குப் படிக்க வச்சேன்?"

நான் தடியைச் சுவரில் சாய்த்தேன்.

"பெரட்டுல நிக்கக் கூடாதுன்னுதான். எங்கம்மா நின்னுச்சு, நான் நின்னேன். பேர் கூப்புடுறவன் வாயப் பாத்துக்கிட்டே நின்னோம். நீ அதையே காசில்லாம நிக்கிறேங்கற."

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. எனக்கு வேறு வழி தோன்றவில்லை, அவ்வளவுதான். அம்மா சில நாள் என்னோடு பேசாமல் சோறு மட்டும் போட்டார்.

பாக்கியம் அத்தை கூப்பிட்ட முதல் காலையில் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. மலையில் கூப்பிட்ட குரல். லயத்துக்குள் சிறிதாக்க அவருக்குத் தெரியவில்லை. கதவுகள் திறந்தன. நான் சப்பாத்தோடு போய் நின்றேன். "சப்பாத்தத் தட்டு" என்றார். கழற்றித் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போட்டேன். பிறகு நடந்தேன். பாதையில் ஒருவர் எங்கே போகிறேன் என்று கேட்டார். பெரட்டுக்கு என்றேன். அவர் சிரித்தார், ஆனால் மேலே கேட்கவில்லை. அது எல்லோருக்கும் புரிகிற காரணம்.

கொஞ்ச நாளில் இன்னும் சிலர் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். பெரும்பாலும் சீனியும் பிரஷரும் உள்ள பெண்கள். பிந்தி வந்தவருக்கு அத்தை அரைப் பேர் என்று உரக்க அறிவித்தார். பாதி வழியில் யாராவது திரும்பிவிடுவார்கள் என்ற சந்தேகத்தில் தானும் பின்னால் வரத் தொடங்கினார். வராதவர்களைப் பற்றி அவர் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது. அடுத்த கிளினிக்கில் என் மூன்று மாதச் சராசரி இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். அவர் பெரட்டு என்ற சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

இது வெற்றிக் கதை இல்லை. பஸ்ஸில் போகும்போது இல்லாத விரல் சில நாள் அரிக்கிறது. குனிந்து சப்பாத்துக்கு மேலே சொறிவேன், கை அங்கே போகும்போதே வேறொரு விரிப்பு நினைவுக்கு வரும். பயம் மறுபடியும் ஆறிவிட்டது. இப்போது எனக்குப் பயமே இல்லை. இதை எழுதும்போது அந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

போன மாதம் பாக்கியம் அத்தை மகள் வீட்டுக்குப் போயிருந்தார். முதல் நாள் விடியும்போது நான் விழித்துக்கொண்டேன். தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கூப்பிடும் நேரம் வந்தது, போனது. யாரும் கூப்பிடவில்லை. மற்றக் கதவுகளும் திறக்கவில்லை. போர்வைக்குள் உடம்பு சூடாக இருந்தது. இன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. இப்படியே ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுகந்தீ."

அம்மாவின் குரல். வீட்டில் என்னைக் கூப்பிடும் குரல் இல்லை. கடைசி எழுத்தை நீட்டி, மலையில் கூப்பிடுவதுபோல. கதவைத் திறந்து வைத்து, வெளியே மழையைப் பார்த்தபடி நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். இம்முறை பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

"இருக்கேன்," என்றேன்.

அம்மா உள்ளே வந்து டோர்ச்சை எடுத்து, கட்டிலோரம் குந்தி, என் இடது பாதத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு வலது. சப்பாத்துக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டு என் முன்னால் வைத்தார். குடையை எடுத்துக் கதவோரம் சாத்தினார்.

"பேர் விழுந்துருச்சு," என்றார். "கெளம்பு."